வாசலில் நிற்கும் மூக்கு

எங்கள் வீட்டில் ஃபோன் அடித்தால், எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வாடையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருப்பார். அண்ணன் ஏசி மெக்கானிக். ஏணிமேல் நிற்பவனால் ஃபோன் எடுக்க முடியாது என்பதால், வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கை என் தலையில் அந்த வேலை விழுந்தது. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் மடித்துக்கொண்டே நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாதிரி வாடை வருது?"

இந்தக் கேள்விக்கு வரும் பதில்களுக்காகவே நான் இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்கிறேன். காயாத துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி என்பார்கள் பலர். அது கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பல்லவி. மழையில் நனைந்த நாய் என்றார் ஒருவர். நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, பக்கத்து வீட்டு நாயை மனதில் வைத்துச் சொல்கிறேன் என்றார். ஒரு பெண், "எங்க மாமியார் பீரோவைத் திறந்தா வருமே, அந்த வாடை" என்று குரலை இறக்கிச் சொன்னாள். உடனே பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஈரச் சாக்கு. ஆனா காலிச் சாக்கு" என்றார். நிறத்துக்குப் பேர் இருக்கிறது, ருசிக்குப் பேர் இருக்கிறது. வாடைக்கு மட்டும் தனியாகப் பேர் கிடையாது. எதையாவது காட்டித்தான் சொல்லியாக வேண்டும். காட்டும்போது அவரவர் வீடு தானாக வெளியே வந்துவிடும். எனக்கு ஊர்வம்பு பிடிக்கும். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தொழிலுக்கும் இந்தப் பதில் உதவும். துணி, சாக்கு, நாய் என்றால் உள்ளே குளிர் தரும் காயில் என்கிற செம்புச் சுருளில் தூசி படிந்து, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கழுவினால் போகும். சாக்கடை என்றால் ஏசித் தண்ணீர் போகும் குழாயைக் குளியலறைக் குழாயோடு யாரோ புத்திசாலி இணைத்திருக்கிறார். கருகல் என்றால் நான் மேற்கொண்டு பேச்சு கொடுக்கமாட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உட்காருங்கள், இதோ வருகிறார்கள் என்பேன்.

'வருகிறார்கள்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் அண்ணி. அண்ணன் பைக்கை ஓட்ட, அண்ணி மடக்கு ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவாள். அண்ணி என்னைவிட வயதில் சின்னவள். முறைக்குத்தான் அண்ணி. அவளுக்கு மெக்கானிக் வேலை தெரியாது. திருப்புளியை அவள் பிடிக்கிற அழகைப் பார்த்தால் காய் நறுக்கப் போகிறாள் என்றே தோன்றும். வீட்டுக்குள் ஏணியைக் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு வெளியே வந்து வாசலிலோ மாடிப்படியிலோ வேலை முடியும்வரை சும்மா நிற்பாள்.

கட்டிய பெண்டாட்டி ஒருத்தி புருஷனின் வேலைக்குக் கூடவே போய் வாசலில் நின்றால் உலகம் என்ன சொல்லும்? சொல்லியது. "அவளுக்குச் சந்தேக புத்தி" என்றார்கள். "போற வீட்டுல எல்லாம் பொம்பளைங்க இருப்பாங்களே, அதான் காவலுக்கு நிக்கிறா." ஒருமுறை ஃபோனில் ஒரு அம்மாள் என்னிடமே, "உங்க அண்ணியும் வர்றாங்களா? பாவம் உங்க அண்ணன்" என்று பரிதாபப்பட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையில் ஒரு பாக்கெட்டை மூடியே தைத்துவிட்டேன். அண்ணியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "சொல்லிட்டுப் போறாங்க விடுங்க. அதுவே நல்லதுதான். வேற எதையும் யோசிக்க மாட்டாங்க."

வேறு எதை யோசிக்கக்கூடாது என்பதுதான் விஷயம். என் அண்ணனுக்கு மூக்கு வேலை செய்யாது. கொஞ்ச நஞ்சமாக அல்ல, அடியோடு.

கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியாது. கண்டுபிடித்தது அண்ணிதான், வந்த முதல் மாதத்திலேயே. பால் அடிப்பிடித்து நாறிப்போனதை அவள் கொட்டப் போகிறாள். அண்ணன் அதற்குள் எடுத்து மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டு, "இன்னிக்குப் பால் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்று பாராட்டியிருக்கிறான்.  மறுநாள் அவன் தலையணைக்கு அடியில் உரித்த பூண்டை வைத்தாள். அவன் நன்றாகத் தூங்கி எழுந்தான். அடுத்த நாள் அலமாரியில் அவன் சட்டைக்கு நடுவே மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கே போய்விட்டான். அன்று சாயங்காலம் அவனை உட்காரவைத்து, "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள். புதுப் பெண்டாட்டியிடம் மறைத்ததை நினைத்து அவன் அழுதுவிட்டான் என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். பூண்டு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் இருவருக்கும் இன்னும் சிரிப்பு வரும்.

அப்போது அவன் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்தான். ஏசியில் குளிர் வரவில்லை என்று கூப்பிட்டால் பிழைப்பு ஓடிவிடும். காஸ் அளக்கும் மானி இருக்கிறது, கை இருக்கிறது. வாடை என்று கூப்பிட்டால்தான் திண்டாட்டம். கழுவிவிட்டுக் குத்துமதிப்பாக, "சரியாயிடுச்சு" என்பான். பாதி நாள் சரியாகியிருக்காது. அதைவிட மோசமாக, ஒரு வீட்டில் ஏசிப் பெட்டிக்குள் ஒயர் கருகிப் புகை வரப்போகிற நேரத்தில், முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகு மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்த அறையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். கம்பெனியில் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவனே வேலையை விட்டுவிட்டான். வீட்டில் வந்து, ஏணியை விற்றுவிடலாம் என்றான். அன்றைக்கு அண்ணி சொன்னாள், "ஏணியை நான் தூக்கிட்டு வர்றேன்."

அப்படித் தொடங்கியது. வேலைக்குப் போகும் நாளில் அண்ணி வாசனை சோப்பு போடமாட்டாள், பவுடர் பூசமாட்டாள், வெங்காயம் நறுக்கமாட்டாள். அதனால் எங்கள் வீட்டு வெங்காயம் முழுக்க என் கண்ணில்தான். போன இடத்தில் ஏசியைப் போட்டவுடன் வருகிற முதல் காற்றில்தான் வாடை தெளிவாக இருக்கும். அந்த நேரம் அவள் ஏணியோடு உள்ளே இருப்பாள். வாடை இருந்தால், "துணி வேணுமா?" என்று கேட்பாள். அண்ணன் வேலையை ஆரம்பிப்பான். அவள் உடனே வெளியே போய்விட வேண்டும். ஏனென்றால் மூக்கு என்பது சொரணை கெட்ட சாமான். எந்த வாடையோடும் கொஞ்ச நேரம் குடியிருந்தால் அதைச் சொந்தக்காரனாக ஆக்கிக்கொண்டுவிடும், அப்புறம் காட்டிக்கொடுக்காது. வெளிக்காற்றில் நின்ற மூக்குதான் உண்மையைச் சொல்லும். வேலை முடிந்து அண்ணன் மறுபடி ஏசியைப் போட்டதும் புதிதாக உள்ளே வருவாள். வாடை போயிருந்தால், "ஏணியை மடிக்கட்டுமா?" இன்னும் இருந்தால், மறுபடியும், "துணி வேணுமா?" கருகல் என்றால், "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" இந்த மூன்று வாக்கியத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. மூக்கில்லாத மெக்கானிக் என்று வெளியே தெரிந்தால் வாடைக்கு யார் கூப்பிடுவார்கள்? மழைக்காலத்தில் வருகிற அழைப்பில் முக்கால்வாசி அதுதான்.

வேலை நன்றாகவே நடந்தது. இவன் கழுவினால் வாடை திரும்ப வராது என்று அண்ணனுக்குப் பேர் வந்தது. "ஏசியை அணைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெறும் ஃபேனை மட்டும் ஓட விடுங்க, உள்ள ஈரம் காயட்டும்" என்று அவன் சொல்லிவிட்டு வருவதை மருந்துச் சீட்டு மாதிரி எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் செக்ரட்டரி கூப்பிட்டார். அந்தப் பெரிய அடுக்குமாடிக் கட்டிடத்தின் சங்கத்துக்கு அவர் செக்ரட்டரி. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆள். "எங்க பில்டிங்ல இருக்கிற எல்லா ஏசியையும் வருஷம் பூரா பார்த்துக்க ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். முதல்ல என் வீட்டு வாடையைப் போக்கிக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார். என்ன மாதிரி வாடை என்று கேட்டேன். "வாடைன்னா வாடை" என்று வைத்துவிட்டார். அவரிடம் ஊர்வம்புக்கு இடமில்லை.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே கட்டிடம், கூரைக்கு மேல் கூரையாக வேலை. வெயிலில் ஏணியைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டாம், மத்தியானமே வீடு திரும்பிவிடலாம். அண்ணனின் மகள், நாங்கள் வாண்டு என்று கூப்பிடுகிறவள், காலையில் அம்மா அப்பா கிளம்பும்போது என் மெஷின் காலைக் கட்டிக்கொண்டு அழுவதும் நின்றுபோகும். அடுத்த வருஷம் அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இருவரையும் அனுப்பிவிட்டு நான் தைக்கவே இல்லை.

அங்கே நடந்தது இது. படுக்கையறையில் மரச்சாமான் எல்லாம் பளபளவென்று இருந்ததாம். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் துணி அலமாரி, அதற்குச் சற்று மேலே ஏசி. போட்டதும் அண்ணி, "துணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் நின்றாள். செக்ரட்டரியின் மனைவி நல்ல மனுஷி. அந்த நல்ல மனசுதான் வினையாக வந்தது. "பொம்பளைப் பிள்ளை படியில நிக்கலாமா? உள்ள வந்து உக்காரும்மா" என்று கையைப் பிடித்தாள். அண்ணி, காற்று வாங்குகிறேன் என்றாள். நிற்பதுதான் காலுக்கு வசதி என்றாள். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "உன் வீட்டுக்காரரை நீ பார்த்துக்கிட்டே இருக்கலாம், அவர் பக்கத்துலயே உக்காரு" என்று கண்ணைச் சிமிட்டினாள். சந்தேகக்காரி என்ற பேர் அங்கேயும் போயிருந்தது. அதற்குமேல் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அண்ணி போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் கொடுத்த குடும்ப ஃபோட்டோக்களைப் பார்த்துக்கொண்டு, வேலை முடியும்வரை அந்த வாடைக்குள்ளேயே இருந்தாள்.

அண்ணன் இயந்திரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் உறையைக் கட்டி, பம்பால் தண்ணீர் அடித்துக் கழுவினான். கறுப்பாக வாளி நிறைய அழுக்கு இறங்கியது. துடைத்து மாட்டி, போட்டான். அண்ணி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. "ஏணியை மடிக்கட்டுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் செக்ரட்டரியின் குரல் என் காதைப் பொசுக்கியது. "அதே வாடை. நேத்து ராத்திரி படுக்கவே முடியல. என்னங்க வேலை பார்த்தீங்க?"

அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. "கட்டில்ல உக்காந்தேன்ல. என் மூக்கு அதோட ஒட்டிக்கிச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. உட்கார்ந்தது ஒரு தப்பா என்று யாரிடமும் போய் முறையிடவும் முடியாது. அண்ணன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

இரண்டாவது முறை போனபோது நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அண்ணி எனக்கு நடித்தே காட்டினாள், அண்ணன் நடுநடுவே திருத்தினான். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அண்ணி இந்த முறை, தலை சுற்றுகிறது, காற்று வேண்டும் என்று படியிலேயே நின்றுகொண்டாள். முதல் காற்றிலேயே வாடை பளிச்சென்று வந்தது. "துணி வேணுமா?" அண்ணன் மூடியைக் கழற்றினான். காயில் புதுசு மாதிரி இருந்தது. தண்ணீர்த் தட்டு சுத்தம். காற்றைத் தள்ளும் சக்கரத்தைக் கழற்றி மறுபடியும் கழுவினான். போட்டான். அண்ணி வந்தாள். "துணி வேணுமா?" இன்னொரு முறை கழற்றினான். "துணி வேணுமா?" அவள் குரலே மாறிவிட்டதாம். அந்த வாடை இயந்திரத்திலிருந்து நேராக வருகிற மாதிரி இல்லை, சுற்றி வருகிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. போய்ச் சுவர் சுவராக மோந்து பார்க்க வேண்டும் போல் மூக்கு துறுதுறுத்தது. ஆனால் ஏணி தூக்குகிறவள் அடுத்தவர் படுக்கையறையில் சுவரை மோந்துகொண்டு நடக்க முடியுமா? மூன்று வாக்கியத்தில் இதைச் சொல்லவும் வழியில்லை. வெளியே போய் நின்றாள்.

செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு கம்பெனியைக் கூப்பிடப் போகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணன் வாளியைக் கொட்டப் பின்பக்கம் போனான். அந்த இடைவெளியில் வீட்டு அம்மாள், சண்டை சச்சரவு பிடிக்காமல், எலுமிச்சை வாசனை ஸ்பிரேயை எடுத்து அறை முழுக்க அடித்துவிட்டாள். சும்மா இரண்டு சொட்டு அல்ல, டப்பாவில் பாதி. படியில் நின்ற அண்ணிக்கு அது தெரியாது. வாளியோடு திரும்பி வந்த அண்ணனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

"இப்ப எப்படி இருக்குன்னு நீங்களே மோந்து பார்த்துச் சொல்லுங்க" என்றார் செக்ரட்டரி.

அண்ணன் மூக்கை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கி, நன்றாக இழுத்தான். இத்தனை வருஷமாகப் பழகிய நடிப்பு. கடைசியாக அண்ணி சொன்னதை நம்பி, "அந்த ஈர வாடை இன்னும் லேசா இருக்கு சார்" என்றான்.

செக்ரட்டரி மனைவியைப் பார்த்தார். மனைவி ஸ்பிரே டப்பாவைப் பார்த்தாள். "எலுமிச்சை நெடியில எனக்குக் கண்ணே எரியுது. உங்களுக்கு ஈர வாடையா வருது?" என்றார் அவர் மெதுவாக.

 குரல் கேட்டு உள்ளே வந்த அண்ணிக்கு எலுமிச்சை முகத்தில் அறைந்தது. என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டு, "அவருக்கு நேத்துலேருந்து சளி சார்" என்று முந்திக்கொண்டாள். அவள் அப்படித்தான். அவனுக்காக யாரிடமும் எந்தப் பேரும் வாங்கிக்கொள்வாள்.

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான்.

"சளி இல்ல சார். எனக்கு மூக்கு வேலை செய்யாது. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. இவதான் மோந்து பார்த்துச் சொல்லுவா. அதுக்காகத்தான் கூட வர்றா. ஊர்ல சொல்ற மாதிரி சந்தேகமெல்லாம் கிடையாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னதாக அண்ணி சொன்னாள்.  

 செக்ரட்டரி, "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா சார்?"

அவர் யோசித்தார். "மாட்டேன்" என்றார். அந்த மனுஷனை எனக்கு அந்த ஒரு சொல்லுக்காகப் பிடித்துப்போனது.

வீட்டு அம்மாளுக்கோ கோபமே இல்லை. அவளுக்கு வந்தது ஆவல். "எதுவுமே வராதா? புகை? சோப்பு? அப்ப சாப்பாடு ருசிக்குமா? கண்ணை மூடிட்டு எதையாவது தின்னா என்னன்னு தெரியுமா?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு விஷயம் யாருக்குத் தெரியும்? உப்பு, உறைப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும், மற்றதெல்லாம் ஈரமா மொறுமொறுப்பா என்றுதான் தெரியும் என்று அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் தோள் இறங்கியதாம். அந்த அம்மாள் கடைசியில் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினாள். "சரி, இந்த நெடி போகட்டும். அப்புறம் நீயே வெளிப்படையா மோந்து பாரு. உனக்கு எங்க வேணுமோ அங்க போ."

எலுமிச்சை அடங்க வெகுநேரம் ஆனது. அண்ணி படியில் காத்திருந்துவிட்டு வந்தாள். இந்த முறை ஏணிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஏணியில் ஏறினாள், முதல் முதலாக. இயந்திரத்தின் வாயில் முகத்தை வைத்தாள். அங்கே சுத்தமான குளிர்தான். ஆனால் இயந்திரத்தின் மேல்புறம், காற்றை உள்ளே இழுக்கிற இடத்தில், வாடை இருந்தது. அப்படியென்றால் இயந்திரம் வாடையை உண்டாக்கவில்லை. எங்கிருந்தோ வாங்கி வீசுகிறது. இறங்கினாள். சுவரோரமாகப் போனாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். அலமாரிக்கு முன்னால் நின்றாள். "இதைத் திறக்கலாமாம்மா?"

"அதுல கோட்டும் சூட்டும்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் திறந்தாள். அண்ணி தொங்கிய துணிகளை விலக்கி, அலமாரியின் முதுகுப் பலகைவரை தலையை உள்ளே விட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்கதாங்க. ஈரச் சாக்கு. காலிச் சாக்கு."

அண்ணன் டார்ச்சோடு உள்ளே புகுந்தான். பலகையில் பெல்ட் மாட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. அதன் திருகு நீளமானது. பலகையைத் தாண்டி, அதற்குப் பின்னால் சுவரோடு இறங்கும் ஏசித் தண்ணீர்க் குழாயைத் துளைத்திருந்தது. ஏசி ஓடும்போதெல்லாம் அதில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து பலகையின் முதுகு முழுக்கப் பூஞ்சை. அந்தக் காற்று இடுக்கு வழியாக மேலேறி, மேலே இருக்கும் ஏசிக்குள் போய் அறை முழுக்க இறங்கியது. ஏசியை அணைத்தால் கசிவும் நிற்கும், இழுப்பும் நிற்கும், வாடையும் காணாமல் போகும். யாராக இருந்தாலும் ஏசியைத்தான் குற்றம் சொல்வார்கள்.

"இந்தக் கொக்கியை மாட்டினது யார் சார்?" என்று அண்ணன் கேட்டான்.

செக்ரட்டரி கூரையைப் பார்த்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன், ஆசாரியைக் கூப்பிடலாம்னு. ஒரு ஓட்டைக்கு ஆள் எதுக்குன்னாரு." அவள் சிரித்த சிரிப்பில் கடைசியில் செக்ரட்டரியும் சிரித்துவிட்டார். அண்ணன் குழாயை மாற்றினான். பலகையைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் போட்டார்கள். கிளம்பும்போது செக்ரட்டரி வாசல்வரை வந்து, "பில்டிங் வேலைக்கு நீங்களே வாங்க. ஆனா அவங்களும் வரணும். உள்ள வந்து மோந்து பார்க்கணும், படியில நிக்கக்கூடாது" என்றார். உடனே திருத்திக்கொண்டார். "வேலை நடக்கும்போது மட்டும் நின்னுக்கட்டும்."

விஷயம் வெளியே பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் ஃபோனில், "மூக்கில்லாத ஆளை அனுப்பி ஏமாத்தினீங்களே" என்று கத்தினார். அவர் வீட்டு வாடை திரும்பி வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் என்ன என்று நானும் கத்தினேன். அண்ணன் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. சந்தேகக்காரி என்ற பேர் மட்டும் சுவடில்லாமல் போனது. பாவம் உங்கள் அண்ணன் என்று சொன்ன அம்மாள் இப்போது, "அந்த மூக்குக்காரங்க வருவாங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். நான் அவளைக் கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கொக்கியைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் நடந்ததை. அண்ணி எல்லாவற்றையும் நடித்துக் காட்டி முடித்திருந்தாள். அண்ணன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தெருவில் விளையாடிவிட்டு வாண்டு ஓடிவந்து அவன் மடியில் விழுந்தாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு அண்ணியைப் பார்த்து, ஏதோ கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டான்.

"இவ என்ன வாடை?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: இருக்கா, இல்லையா. என்ன வாடை என்று அவன் கேட்டதே இல்லை. நானோ ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் நாள் பூராவும் கேட்கிறேன். இவனிடம் மகளைப் பற்றி ஒரு நாள் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செக்ரட்டரி வீட்டு அலமாரியில் தலையை விட்ட மாதிரியே அவசரமில்லாமல் வாண்டுவின் கழுத்தில் மூக்கை வைத்தாள். "வெயில்ல காஞ்ச துண்டு. கொஞ்சம் மண்ணு. காலையில குடிச்ச பாலு கழுத்து மடிப்புல புளிச்சுப்போயிருக்கு, குளிப்பாட்டணும்." நிறுத்தினாள். காதுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு தடவை இழுத்தாள். "அப்புறம் நீங்க."

"நானா?"

"உங்க வாடைதான். காதுக்குப் பின்னாடி. பொறந்த அன்னிலேருந்து இருக்கு."

"எனக்குன்னு வாடை இருக்கா?"

"வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அண்ணன் குனிந்து வாண்டுவின் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்தான். மூச்சை இழுத்தான், நீளமாக. அது நடிப்பு இல்லை. ஒன்றும் வராது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வாண்டுவுக்குத் தெரியாது. அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"என்னப்பா வருது?"

"அம்மா சொன்னதுதான்" என்றான் அண்ணன். அவன் முகத்தை எடுக்கவில்லை. நான் வெங்காயம் நறுக்கப் போனேன்.